ஆர்.டி. 125: மேடு ஏறும்போது இடது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, ஆறினால் சரியாகிறது

தேயிலைச்சாரல் (தலவாக்கலை):

எல்லோருக்கும் வணக்கம். மாமாவின் யமஹா ஆர்.டி. 125 இப்போது என்னிடம் இருக்கிறது. இரட்டைச் சிலிண்டர், இரண்டு காபரேட்டர், பொயின்ட் இக்னிஷன் (கரன்டைச் சேர்த்து அறுக்கும் முனைகளால் நெருப்பு வருகிற பழைய முறை). 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது கொட்டகைக்குள் தள்ளிவிட்ட பைக். இப்போதுதான் வெளியே எடுத்தோம். டாங்கியைக் கழுவி, காபரேட்டர் இரண்டையும் பிரித்து ஜெட்களை ஊதி, ஓயில் பம்பில் இருந்த காற்றையும் வெளியேற்றிவிட்டேன். பிளக் இரண்டும் புதிது.

காலையில் ஓரிரண்டு உதையில் எழும்பும். இரண்டு சைலன்சரிலும் புகை ஒரே மாதிரி. டவுனுக்குள் பிரச்சினையே இல்லை. நானுஓயாப் பக்கம் ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் விட்டுவிட்டு அடிக்கும். பிறகு அடியோடு நின்றுவிடும். மூன்றாம் கியரில் ஏறிய மேட்டை முதல் கியரில் திணறித் திணறி ஏற வேண்டும். ஓரமாக நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் இரண்டும் வேலை செய்யும்.

கராஜில் காட்டினேன். பிஸ்டன் போய்விட்டது, போர் பண்ண (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்கிறார்கள். ஹெட்டைக் கழற்றும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பண்டாரவளைரைடர்:

தம்பி, மெயின் ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் வரும் துளை) என்ன நம்பர்? நமது உயரத்தில் காற்று மெல்லியது. நுவரெலியா டவுன் 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அந்த அளவுக்குக் குறையாது, ஆகவே கலவை ரிச்சாகிவிடும். டூ ஸ்ட்ரோக் ரிச்சாக ஓடினால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரியும். அந்த டபடப சத்தமும் மிஸ் மாதிரித்தான் கேட்கும். ஒரு சைஸ் சின்ன ஜெட் போட்டுப் பாருங்கள்.

பழையபொயின்ட் (ஹட்டன்):

தம்பி, பிஸ்டனையும் தொட வேண்டாம், ஜெட்டையும் தொட வேண்டாம். இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

உயரத்தைப் பற்றிப் பண்டாரவளைத் தம்பி சொன்னது சரி. ஆனால் உயரம் இரண்டு சிலிண்டரையும் ஒன்றாகத்தான் பிடிக்கும், இடது பக்கத்தை மட்டும் தேடிப் பிடிக்காது. ரிச்சானால் இரண்டு சைலன்சரும் சேர்ந்து டபடப என்னும், இரண்டு பிளக்கும் கறுக்கும். உங்களுக்கு ஒரு பக்கம் ஒழுங்காக ஓடும்போது மற்றது சாகிறது. அடுத்து பிஸ்டன். தேய்ந்த ரிங் ரோட்டோரத்தில் ஓய்வெடுத்துவிட்டுப் புதிதாகாது. சூட்டில் போய், ஆறினால் திரும்பி வருகிற மிஸ் என்றால் நான் முதலில் மின்சாரப் பக்கம்தான் பார்ப்பேன். கொயில், கொண்டென்சர், பொயின்ட், பிளக் தொப்பி. மின்சாரத்தில் குறை இல்லை என்று உறுதியான பிறகுதான் பெற்றோல்.

இரட்டைச் சிலிண்டரில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நல்ல பக்கம் பக்கத்திலேயே நிற்கிறது. சந்தேகப்படும் சாமானைக் கழற்றி நல்ல பக்கத்தில் மாட்டுங்கள். மிஸ் கூடவே போனால் சாமான்தான் குற்றவாளி. போகாமல் அதே பக்கத்தில் நின்றால் அந்தச் சாமான் நல்லது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது போனது என்று கடைசிவரை தெரியாது. குறை இடம் மாறுவதைக் கண்ணால் காணும்வரை சாமான் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குக் காசு அனுப்பாதீர்கள்.

முதல் வேலை இது. மிஸ் அடிக்கிற மேட்டிலேயே, அடிக்கிற நேரத்திலேயே பாருங்கள். வீட்டு முற்றத்தில் குளிர்ந்த எஞ்சினில் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. இடது பக்கம் செத்தவுடன் கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்துங்கள். இரண்டு சைலன்சர் கழுத்திலும் சொட்டுத் தண்ணீர் தெளித்தால், உழைக்கிற பக்கத்தில் சீறும், செத்த பக்கத்தில் சும்மா வழியும். பிறகு இடது பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெற்றோல் வாடை அடித்தால் பெற்றோல் வருகிறது, நெருப்பு வரவில்லை. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

பிளக் ஸ்பானர் ஒன்றும் நல்ல பிளக் ஒன்றும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைச்சாரல்:

நன்றி ஐயா. பொயின்ட் மாற்றியது எப்போது என்று மாமாவுக்கும் ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்து எழுதுகிறேன்.

மூடுபனி (நுவரெலியா):

தம்பி, நாள் பார்த்துப் போங்கள். மழையோ பனிமூட்டமோ இருந்தால் சோதனை குழம்பிவிடும். எங்கள் வீட்டு ஆர்.எக்ஸ். பனியில் மட்டும் மிஸ் அடிக்கும். வெயில் ஏறியதும் சரியாகிவிடும். பிளக் வயரின் உறை வெடித்து, ஈரத்தில் கரன்ட் எஞ்சினுக்குத் தாவிக்கொண்டிருந்தது. இரவில் லைட்டை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பூவுக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே போத்தலால் வயர் மேலும் தொப்பி மேலும் மெல்லப் பனி மாதிரி அடியுங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி ஓடுவது தெரியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், நன்றாக அடிக்கும்.

தொப்பி திருகி ஏறுகிற வகை என்றால் கழற்றி, வயர் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகுங்கள். பச்சை பிடித்த செம்பு நுனி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தேயிலைச்சாரல்:

போய் வந்தேன். வெயில் நாள். லிந்துலை தாண்டி வழக்கமான இடத்திலேயே இடது பக்கம் போய்விட்டது. வலது கழுத்தில் தண்ணீர் சீறியது, இடதில் வழிந்தது. இடது பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, நல்ல பெற்றோல் வாடை. இரண்டு பிளக்கையும் பக்கம் மாற்றிப் போட்டு ஏறினேன், மறுபடியும் இடதுதான். அக்கா சொன்ன ஸ்பிரே சோதனையை இரவில் செய்தேன். ஒரு பொறியும் இல்லை.

கொம்பிரஷன் கேஜ் ஒன்று கடன் வாங்கி அடித்தேன். திரொட்டிலை முழுதாகத் திறந்து உதைத்ததில் வலது 105, இடது 102 பி.எஸ்.ஐ. கராஜில் 120க்குக் கீழே என்றால் போர் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பயமாக இருக்கிறது.

கடலோரம் (வத்தளை):

105, 102 இரண்டுமே குறைவு. இங்கே நல்ல எஞ்சின் 120க்கு மேலே காட்டும். எப்படியும் ரிங் பார்க்க வேண்டி வரும் போலிருக்கிறது.

பழையபொயின்ட்:

வத்தளைத் தம்பி, அந்த 120 வத்தளையில் சரி. தலவாக்கலையில் அதே எஞ்சின் 120 காட்டாது.

கணக்கைச் சொல்கிறேன். கேஜ் காட்டுவது வெளிக் காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான். கடல் மட்டத்தில் வெளிக் காற்று 14.7 பி.எஸ்.ஐ. 120 என்று காட்டினால் சிலிண்டருக்குள் உண்மையில் 134.7 இருக்கிறது. 1,200 மீற்றர் உயரத்தில் வெளிக் காற்று 12.7 அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே போகிற காற்றே குறைவு என்பதால் அமுங்கி வருவதும் அதே விகிதத்தில் குறையும். 134.7 ஏறக்குறைய 116.5 ஆகும். அதில் 12.7ஐக் கழித்தால் ஏறக்குறைய 104. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் 96 அளவில் நிற்கும். அப்படியானால் தம்பியின் 105, 102 கடலோரத்து 120க்குச் சமம். நல்ல எஞ்சின்.

இந்தக் கணக்கு தெரியாமல் மலைநாட்டில் எத்தனையோ நல்ல சிலிண்டர்களைப் போர் பண்ணிவிட்டார்கள். பழைய பைக்குக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைப்பதே பெரிய பாடு. தேவையில்லாமல் ஒரு தடவை கடைந்தால் அந்த எஞ்சினின் ஆயுளில் ஒரு படி போய்விடும். இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. கேஜில் நான் முதலில் பார்ப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. பத்து வீதத்துக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். இங்கே மூன்று பி.எஸ்.ஐ.தான்.

பிளக் நனைந்திருக்கிறது, அதனால் பெற்றோலை விட்டுவிடுவோம். இனி கொயில். இதில் ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். பிளக் வயரை மட்டும் பக்கம் மாற்றிவிட்டால் பைக் ஓடாது. உங்கள் எஞ்சினில் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும், 180 பாகை வித்தியாசம். வயரை மட்டும் மாற்றினால் பிஸ்டன் அடியில் கிடக்கும்போது நெருப்பு வரும். பொயின்டில் இருந்து கொயிலுக்குப் போகிற மெல்லிய வயர் இரண்டையும் சேர்த்தே பக்கம் மாற்ற வேண்டும். இடது பொயின்ட் வலது கொயிலுக்கு, வலது கொயிலின் பிளக் வயர் இடது பிளக்குக்கு. மறுபக்கமும் அப்படியே. வயர் எட்டாவிட்டால் டாங்கியைக் கழற்றிக் கொயில்களின் இடத்தையே மாற்றிப் பூட்டுங்கள்.

மிஸ் வலது பக்கத்துக்குப் போனால் கொயில், அதன் வயர், தொப்பி மூன்றில் ஒன்று. இடதிலேயே நின்றால் பொயின்டும் கொண்டென்சரும்.

தேயிலைச்சாரல்:

கொயில் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டி, சொன்னபடி வயர்களையும் மாற்றினேன். அதே மேடு, அதே வேகம். இடது பக்கமே நின்றது. கொயில் குற்றவாளி இல்லை.

காந்த மூடியைத் திறந்து, பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டு, சூடேறும்வரை இரண்டு பொயின்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலதில் பொறி கண்ணுக்கே தெரியவில்லை. இடதில் முதலில் சின்னதாக ஒன்று. சூடேற ஏற வெள்ளையும் நீலமுமாகப் பெரிதாக அடித்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் இடது பொயின்டின் ஒரு முகத்தில் கரடுமுரடாக ஒரு மேடு, எதிர் முகத்தில் அதே அளவில் ஒரு குழி.

பழையபொயின்ட்:

பிடித்துவிட்டீர்கள் தம்பி. கொண்டென்சர்.

பொயின்ட் திறக்கும்போது கரன்ட் சட்டென்று அறுந்தால்தான் கொயில் முழுப் பலத்தோடு பிளக்குக்கு அனுப்பும். கொண்டென்சர் அந்த நேரத்தில் கரன்டை வாங்கி வைத்துக்கொண்டு பொயின்டில் பொறி பறக்காமல் தடுக்கிறது. அது செத்தால் பொறி பொயின்டிலேயே எரிந்துவிடும், பிளக்குக்கு மிச்சம் வராது. உள்ளே சுருட்டி வைத்த தகடும் காகிதமும் சூட்டில் விலகிக் கசியும், ஆறினால் மறுபடியும் சேரும். உங்கள் பிளேன்டீக் கதைக்கு அதுதான் காரணம்.

புதிதை வாங்கும் முன் உறுதி செய்யுங்கள். டவுனில் பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்பவர் யாரிடமாவது டிஸ்ட்ரிபியூட்டர் கொண்டென்சர் ஒன்று வாங்குங்கள். பொயின்ட் வைத்த கார்களில் 0.2 மைக்ரோஃபராட் பக்கத்தில்தான் இருக்கும், சோதனைக்குத் தாராளம். இடது கொண்டென்சரின் வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, கார் கொண்டென்சரின் வயரை இடது பொயின்ட் வயரோடு சேருங்கள். உடம்பைக் கிளிப்பால் எஞ்சினில் நன்றாக எர்த் பண்ணுங்கள், பெயின்ட் இல்லாத இடத்தில். அதோடு மேட்டில் ஏறுங்கள்.

மேடும் குழியும் விழுந்த பொயின்டை அரத்தால் ராவி வைத்தால் கொஞ்ச நாள்தான் தாங்கும், புதிது போடுங்கள். இடைவெளி 0.30இலிருந்து 0.40 மி.மீ.க்குள். இடைவெளியை மாற்றினால் டைமிங் நகரும். ஆகவே பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து, மனுவலில் உள்ள அளவுக்கு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிடியுங்கள். ஒன்றைப் பிடித்துவிட்டு மற்றதும் சரியாக இருக்கும் என்று விடக் கூடாது.

தேயிலைச்சாரல்:

ஐயா, ஏறிவிட்டது! மொரிஸ் கொண்டென்சரை டேப்பால் ஃபிரேமில் கட்டிக்கொண்டு நானுஓயா வரை மூன்றாம் கியரிலேயே போனேன். மாமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டும் ஒரு தடவை ஏறினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

புதிய பொயின்டும் கொண்டென்சரும் சொல்லிவிட்டேன். இன்னொரு விஷயம். திரொட்டிலை விட்டதும் எஞ்சின் உடனே இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்று பிறகு மெல்ல இறங்குகிறது. வலது பிளக் கோப்பி நிறம், இடது கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கேபிள் இரண்டும் ஒன்றாகத்தான் ஏறுகின்றன, விரலை வைத்துப் பார்த்தேன்.

பண்டாரவளைரைடர்:

இடது பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. அடுத்த வாரம் கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு போகும் யோசனை இருந்தால் நிறுத்திவையுங்கள்.

பழையபொயின்ட்:

ஆமாம், இறக்க வேண்டாம். முந்தின மிஸ்ஸைவிட இது ஆபத்து. மிஸ் அடித்தால் வீட்டுக்குத் தாமதமாக வருவீர்கள், அவ்வளவுதான். லீனாக (காற்றுக்குப் பெற்றோல் போதாமல்) ஓடினால் பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மேலே இருக்கும்போது உயரம் கலவையை ரிச்சாக்கி இந்தக் கசிவை மூடி மறைக்கிறது. கினிகத்தேனை தாண்டி அவிசாவளைக்கு இறங்க இறங்க காற்று தடிக்கும், மூடியிருந்தது வெளியே வரும். ஜெட்டை முதலிலேயே சின்னதாக்கியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். கசிவே இல்லாத பைக்கிலும் மலைக்கென்று ஜெட்டைச் சின்னதாக்கினால், கீழே போகும் முன் பழையதைப் போட்டே ஆக வேண்டும்.

கசிவைத் தேட இரத்த அழுத்தம் பார்க்கிற பழைய கருவியின் கைப்பம்பும் வட்டக் கேஜும் போதும். கேஜ் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். 300 என்பது ஆறு பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் குறைவு, கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள எஞ்சின் பெட்டி) சோதனைக்குப் பொருத்தமான அளவு. அதற்கு மேல் அடித்தால் நல்ல சீலையும் தள்ளிவிடும்.

சைலன்சர்களைக் கழற்றி, இரண்டு வாயையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி அடையுங்கள். காபரேட்டர் இரண்டையும் கழற்றுங்கள். வலது இன்டேக் ரப்பரில் ஒரு தக்கையை வைத்துக் கிளிப் போடுங்கள். ஓயில் பம்பில் இருந்து வரும் மெல்லிய குழாய்களையும் அடையுங்கள். இடது இன்டேக் ரப்பரில் பம்பின் குழாய் செருகிய தக்கையை வைத்து அந்த வழியாக அடியுங்கள். பலர் பிளக் ஓட்டையால் அடிப்பார்கள். இந்த எஞ்சினில் ரீட் வால்வு இருக்கிறது, காற்றை உள்ளே மட்டும் விடும் தகட்டுக் கதவு. பிளக் ஓட்டையால் அடித்தால் ரீட் மூடிக்கொள்ளும், ரப்பர் சோதனைக்கே வராது. இன்டேக் வழியாக அடித்தால் ரப்பர், ரீட் கஸ்கட், கிராங்க் சீல் எல்லாம் ஒரே சோதனையில் வந்துவிடும். பிளக் இரண்டும் பூட்டியே இருக்கட்டும்.

300இல் நிறுத்திப் பாருங்கள். நிமிடத்துக்கு 50க்கு மேல் விழுந்தால் கசிவு இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காந்தப் பக்க சீலையும் பாருங்கள். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் வெளியே குமிழி வராது. கியர் ஓயில் ஊற்றும் ஓட்டையில் காதை வைத்தால் காற்றுச் சத்தம் கேட்கும். ஆனால் கிளட்ச் பக்கம் போனால் கியர் ஓயிலை உறிஞ்சி ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் புகை தள்ளும், அந்தப் பிளக் வெளிறாது, எண்ணெய் பிடிக்கும். உங்கள் அடையாளம் அது இல்லை.

மூடுபனி:

பம்புக்கு அலைய வேண்டாம் தம்பி. என்னிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது, கைப்பட்டை கிழிந்தது, பம்பும் கேஜும் நல்லது. தலவாக்கலைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். தனிச் செய்தி போடுங்கள்.

தேயிலைச்சாரல்:

அக்காவின் பம்புக்குக் கோடி நன்றி. முதல் தடவை 300க்கு ஏறவே இல்லை, 120இலேயே நின்றுவிட்டது. சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். இடது இன்டேக் ரப்பரின் அடிப்பக்கம், இரும்புத் தட்டோடு ஒட்டுகிற மடிப்பில், வரிசையாகக் குமிழி. மேலே இருந்து பார்த்தால் ரப்பர் புதிது மாதிரி இருக்கிறது. கழற்றி விரலால் வளைத்ததும் மடிப்பில் பிறை வடிவத்தில் வெடிப்பு வாய் திறந்தது. காந்தப் பக்க சீலில் ஒரு குமிழியும் இல்லை.

கடலோரம்:

ரப்பர் விஷயத்தை என்னிடம் விடுங்கள். சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போகிறேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எடுக்கிறேன், ஒன்று வெடித்தால் மற்றதும் அதே வயதுதான். கஸ்கட்டும் வேண்டுமா?

தேயிலைச்சாரல்:

வேண்டும் அண்ணே, ரீட் கஸ்கட் இரண்டு.

லுணுகலைடி.டி. (பசறை):

ஐயா, இடையில் ஒரு கேள்வி. என்னுடையது டி.டி. 125, ஒற்றைச் சிலிண்டர், சி.டி.ஐ. (பொயின்டுக்குப் பதில் எலெக்ட்ரோனிக் பெட்டி). இதே மாதிரி சூட்டில் மிஸ். பக்கம் மாற்றிப் பார்க்க எனக்கு மறு பக்கம் இல்லையே, என்ன செய்வது?

பழையபொயின்ட்:

அப்படியானால் ஒரே சாமானைக் குளிரிலும் சூட்டிலும் அளந்து ஒப்பிட வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில், காந்தத்துக்கு உள்ளே இருக்கும் சோர்ஸ் கொயில், பிக்கப் கொயில் இரண்டின் ஓம் அளவையும் மல்டிமீற்றரில் எடுத்து எழுதுங்கள். பிளக் கொயிலின் இரண்டு பக்க அளவையும் எழுதுங்கள். பிறகு மேட்டில் மிஸ் அடித்த உடனே, ஆற விடாமல், வயர் சொக்கட்டைக் கழற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். செம்பு சூட்டில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அது குறையில்லை. ஒன்று மட்டும் பல மடங்கு தாவியிருந்தாலோ முடிவிலி காட்டினாலோ அதுதான். எல்லாமே ஒழுங்காக இருந்தால் சி.டி.ஐ. பெட்டி மிச்சம். அதை அளக்க முடியாது, ஓடுகிற இன்னொரு டி.டி.யில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் பெட்டியின் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். அளவுகளை எடுத்ததும், தனி இழை ஒன்று தொடங்கி மொடல் வருடத்தோடு போடுங்கள், பார்க்கிறேன்.